பின்பாட்டு

1971 ஜனவரி 15, வெள்ளி

நேற்றுப் பொங்கல். காஸ் அடுப்பு, அலுமினியச் சட்டி. பால் பொங்கவில்லை, ஒரு பக்கத்தால் வழிந்தது. "வழிஞ்சாலும் பொங்கல்தான்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். இரவு வேலை முடிந்து வந்த மனுசன். பெரியக்கா பக்கத்தில் இல்லாத பொங்கல்.

கடைக்கு இன்று புதுச் சிங்கிள். ஜோர்ஜ் ஹரிசன், 'மை ஸ்வீட் லோர்ட்'. பெட்டி பிரிக்க முன்னமே வாசலில் ஆட்கள். அமெரிக்காவில் நத்தார் முடிந்த கையோடு முதலாம் இடத்துக்கு வந்துவிட்டதாம். இங்கே இன்றுதான் வெளியீடு. முதலாளி போட்டுவிட்டார். நான் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றேன். முதலில் கிதார்கள், கனக்க. பிறகு அல்லேலூயா என்று ஒரு கூட்டம் பின்பாட்டு. தேவாலயப் பாட்டு என்று நினைத்து ஒட்டிக்கொண்டே இருந்தேன். பார்த்தால் அல்லேலூயா போய் ஹரே கிருஷ்ணா. எந்த இடத்தில் மாறினது என்று பிடிபடவில்லை. அதற்கும் பிறகு, முடிவுப் பக்கமாக, குரு சுலோகம். பள்ளிக்கூடத்தில் விடியப் பிரார்த்தனைக்குச் சொல்வோமே, அதே சுலோகம். டூட்டிங் கடைத்தெருவில். மழைக்கோட்டுப் போட்ட சனம் நடுவில்.

விலைச்சீட்டு விரலிலேயே ஒட்டியிருந்தது.

ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆர் இருக்கினம்.

கடைவாய்ப் பல் கொதி. கராம்பு வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

ஜனவரி 16, சனி

கால் இரண்டும் விட்டுப்போகும்போல. அவ்வளவு சனம்.

கடைக்குச் சனிக்கிழமைகளில் வேலைக்கு வருகிற பெட்டை அல்பத்தையும் எடுத்துக் காட்டினாள். பெட்டிக்குள் மூன்று தட்டு. அட்டையில் மனுசன் பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு புல்லில் இருக்கிறார், சுற்றிவர நாலு குள்ளப் பொம்மைகள். மூன்று தட்டு வருமளவுக்கு எங்கிருந்து பாட்டு என்று கேட்டேன். கனக்க முந்தியே செய்து வைத்தவையாம். பீட்டில்ஸ் அல்பம் ஒன்றில் அவருக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று, நாலு இடம்தான். மிச்சம் முழுக்க ஜோனும் போலும். செய்ததெல்லாம் லாச்சிக்குள் கிடந்தது.

பின்பாட்டுக் கூட்டத்துக்கும் அட்டையில் ஒரு பெயர் போட்டிருக்கிறது. ஜோர்ஜ் ஓஹாரா-ஸ்மித் பாடகர்கள். அப்படி ஒரு குழு இல்லையாம். எல்லாக் குரலும் அவருடையதுதான், மேலுக்கு மேல் பதிந்து அடுக்கினது. பெட்டை கண்ணை விரித்துச் சொன்னாள். முன்னுக்கு நின்று பாடுகிறவரும் அவர், பின்னுக்கு நிற்கிற கூட்டமும் அவர்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் இதே யோசனை. எங்கடை வீட்டில் முன்னுக்கு அக்காமார் இரண்டு பேர். பின்னுக்கு நான், தம்புராவோடு.

ஜனவரி 19, செவ்வாய்

நாளை தொடக்கம் தபால் வேலைநிறுத்தம். தபால் கந்தோரில் வரிசை தெருவரைக்கும். பெரியக்காவுக்கு எழுதினதைப் போட்டுவிட்டேன். போய்ச் சேருமோ தெரியாது. பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதினேன், பிறகு வெட்டினேன். இங்கிலீசுப் பாட்டுக் கேட்கத்தான் லண்டனுக்குப் போனியா என்று கேட்பா.

பல் பரவாயில்லை.

ஜனவரி 22, வெள்ளி

ஒரு கடிதமும் இல்லை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் படியால் இறங்கும்போது கண் கதவடிக்குப் போகிறது.

பேப்பர் முழுக்கக் கோர்ட். போல் மற்ற மூன்று பேர்மீதும் வழக்குப் போட்டிருக்கிறார், பீட்டில்ஸ் கூட்டைக் கலைக்க வேண்டும் என்று. ஒருபக்கம் கோர்ட், ஒருபக்கம் இந்தப் பாட்டு. இன்றும் கை ஓயாமல் விற்றது. ஒரு கிழவி வந்தா, அந்த அல்லேலூயாப் பாட்டு வேணும் என்றா. சேர்ச்சில் போடப்போகிறாவாம். நான் ஒன்றும் சொல்லாமல் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தேன். கேட்டுப் பார்க்கட்டும். அவவுக்கும் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 26, செவ்வாய்

முதலாம் இடம்!

மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள். மூன்று கிழமையாக மேலே இருந்த தாத்தா பாட்டு இறங்கிவிட்டது. அந்த நாலு பேரில் தனியாகப் பாடி முதலாம் இடத்துக்கு வந்த முதல் ஆள் இவர்தான். ஜோனும் இல்லை, போலும் இல்லை. மூன்றாவது ஆள்.

பாண் தொண்டையில் நிற்க இருமினேன். முதலாளி முதுகில் தட்டினார். எனக்கு ஏன் இவ்வளவு புளுகம்? அந்த மனுசனுக்கு நான் ஆர்?

இவருக்குச் சொன்னேன். "ஆரப்பா அது?" என்றார். பிறகு, "உமக்குச் சந்தோசமெண்டால் சரி" என்றார். நல்ல மனுசன். ஆனால் அது போதாமல் இருந்தது.

ஜனவரி 31, ஞாயிறு

மியூசியத்துக்குப் பக்கத்தில் பரி பிளேஸ். ராதா கிருஷ்ணன் கோயில். இவர் வர மாட்டேன் என்றார், வந்தார். வெளியில் பார்த்தால் சாதாரண மாடி வீடு. உள்ளே சாம்பிராணி. வெள்ளைக்காரப் பெடியள், மொட்டைத்தலை, குடுமி, நெற்றியில் நாமம். மண்ணால் செய்த மிருதங்கம், கைத்தாளம். சுருதி நிற்கவில்லை. தாளம் நின்றது, நல்லாகவே நின்றது. முதலில் எரிச்சல்: சுருதி சேர்க்காமல் என்ன பஜனை? கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நானும் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆட்களை 1969-இல் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் மந்திரத்தைத் தட்டாகப் பதிந்ததும் ஹரிசன்தான். அதுவும் கடை லாச்சியில் இருக்கிறது.

சிவ சிவா என்று வளர்ந்தவள் அங்கே போகலாமோ என்று வரும் வழியில் யோசித்தேன். அப்பா இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சின்னக்கா சொல்லுவா.

பிரசாதம் இனிப்பு. பல் திரும்பவும் தொடங்கிவிட்டது.

பெப்ரவரி 3, புதன்

விம்பிள்டன் டொக்டர் வீட்டிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். சிவராத்திரிக்கு அவர்கள் வீட்டில் பஜனை, விடிய விடிய. டொக்டரின் பெறாமகள் கேம்பிரிட்ஜிலிருந்து வருகிறாவாம், பாட. "பிள்ளை, நீர் சுருதிப்பெட்டிக்கு இரும். உம்மைப்போலச் சுருதி பிடிக்க ஆள் இல்லை."

ஓம் என்றேன். எப்போதும் ஓம்தான்.

பெப்ரவரி 4, வியாழன்

ரோல்ஸ் ரோய்ஸ் முறிந்துபோச்சாம். முதலாளி நாள் முழுக்க அதையே கதைத்தார். பாட்டு இன்னும் முதலாம் இடம். கடிதம் இல்லை. காஸ் மீற்றருக்குப் போட ஷில்லிங் இல்லை, கம்பளிக்குள் இருந்து எழுதுகிறேன். இந்த வருசம் குளிரே இல்லை என்கிறார்கள் இங்கத்தே ஆட்கள். எனக்கு விரல் மடியவில்லை.

பாட்டில் ஒரு விஷயம் இன்றுதான் காதில் விழுந்தது. நடுவில் சுருதியே மேலே ஏறுகிறது. பாடுகிறவர், கிதார், பின்பாட்டு, எல்லாரும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் பாட்டில் நடவாத காரியம். தம்புராக்காரி என்ன செய்வாள்? இருந்த இடத்தில் அதே ஸ, அதே ப. கச்சேரி எங்கு போனாலும் அவள் அங்கேயே.

கேட்கக் கேட்க அந்த இடத்துக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஏறுகிறது.

பெப்ரவரி 9, செவ்வாய்

மூன்றாம் கிழமையும் மேலேதான்.

பின்னேரம் ஒருத்தர் வந்தார். நடுத்தர வயது, தொப்பி. தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது ஷிஃபோன்ஸ் பாட்டு" என்றார். 1963-இல் வந்ததாம், 'ஹீஸ் ஸோ ஃபைன்', அமெரிக்கப் பெட்டையள் பாடினது. சிரித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் வாங்கவுமில்லை.

பொய். முழுப் பொய். மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிடுகிறார், அதில் போய் களவு பிடிக்கிறார்கள்.

முகம் சுட்டது. பல் கொதியோ கோபமோ தெரியாது.

பெப்ரவரி 10, புதன்

பழைய சரக்கு லாச்சியில் தேடினேன். இருந்தது. ஓரத்தில் தூசி. எழுதினவர் பெயர் மாக் என்று போட்டிருக்கிறது.

கடை பூட்டின பிறகு முதலாளியிடம் கேட்டேன், பத்து நிமிசம். மேசையில் இருக்கிற பிளேயரில் ஒன்று, கேட்டுப் பார்க்கிற கூண்டுக்குள் மற்றது. அங்கும் இங்கும் ஓடி ஓடி. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஸ்வரம் எழுதினேன்.

முதல் பிடி: ப க ரி. ப க ரி. நாலு தரம். ஷிஃபோன்ஸிலும் நாலு தரம்.
இரண்டாம் பிடி: ப த ஸ த ஸ. ஷிஃபோன்ஸ் நாலு தரம். ஹரிசன் மூன்று தரம், நாலாவது இடத்தில் வேறு வழியாகப் போகிறார்.

சரி. இதெல்லாம் மோகனம். மோகனத்தைத் தொட்டவர்கள் ப க ரி-யைத் தொடாமல் எப்படிப் போவது? நின்னுக்கோரி வர்ணம் படித்த சின்னப்பிள்ளைக்கும் வரும். ராகம் ஒருவரின் சொத்தா? அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் கள்ளர். சந்தோசமாகப் பெட்டியை மூடப் போனேன்.

அப்போதுதான் அந்த ரி.

இரண்டாம் பிடியைத் திரும்பப் பாடும்போது ஒரு சின்ன ரி, தொட்டும் தொடாமலும். ப த ஸ த ரி ஸ. ஹரிசனில் இருக்கிறது. கூண்டுக்குள் ஓடினேன். அங்கேயும் இருக்கிறது. அதே இரண்டாம் தரத்தில். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தேன். முதலாளி தட்டுக் கீறப்போகுது என்றார்.

ராகம் பொது. அந்த ரி பொது இல்லை. அது ஒரு ஆளின் தொண்டை.

பெப்ரவரி 11, வியாழன்

நித்திரை இல்லை. வங்கிகள் பூட்டு, திங்கள்வரைக்கும், காசு மாறப்போவதால். ஆனால் நித்திரை இல்லாதது அதனால் இல்லை.

அவர் களவெடுக்கவில்லை. இது எனக்கு அடித்துச் சொல்லத் தெரியும். களவெடுக்கிறவர் அந்த ரி-யை மாற்றி வைத்திருப்பார். ஒளிக்கத் தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறார் என்றால் அவருக்கே தெரியாமல் வந்திருக்கிறது. ரேடியோவில் எப்போதோ கேட்டது, உள்ளே போய்க் கிடந்தது, தன்னுடையது என்று நினைத்து வெளியே வந்தது.

எனக்குத் தெரியாதா அது. வருசக்கணக்காக ஒருவரின் பின்னால் இருந்து பார். மூச்சுக்கூட அவர்கள் மூச்சு விடுகிற இடத்தில்தான் விடுவாய்.

யோகர் சுவாமியின் நற்சிந்தனைப் பாட்டு ஒன்றுக்கு நான் மெட்டுப் போட்டேனே, கலியாணத்துக்கு முந்தி. மோகனம். அனுபல்லவி முடிகிற இடத்தில் ஒரு பிடி. தைவதத்தில் கொஞ்சம் நின்று, அசைத்து, சறுக்கி இறங்குகிறது. இரவு முழுக்க அதையே வாய்க்குள் பாடிப் பார்த்தேன். அது என்னுடையதா, பெரியக்காவுடையதா?

பெப்ரவரி 12, வெள்ளி

பெரியக்காவுடையதுதான். அவ அப்படித்தான் தைவதத்தில் நிற்பா.

இல்லை. அவ நிற்கிறது வேறு மாதிரி.

கேட்டு எழுதலாம் என்றால் தபால் இல்லை.

பெப்ரவரி 15, திங்கள்

புதுக் காசு. 240 பென்ஸ் போய் 100. ஒரு ஷில்லிங் 5 புதுப் பென்ஸ், ஆறு பென்ஸ் குற்றி இரண்டரை. கிழடுகள் உள்ளங்கையை விரித்து நீட்டுகிறார்கள், நீயே எடுத்துக்கொள் என்று. அந்தக் கைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பெட்டை சில்லறையை மூன்று தரம் எண்ணி அந்தச் சிங்கிளை வாங்கினாள். விலை மாறினாலும் வாங்குகிறது அதுதான்.

கடை பூட்டக் கொஞ்ச நேரத்துக்கு முன் தட்டைத் திருப்பிப் போட்டேன். ஒரு பக்கம் முழு ஆப்பிள், மறுபக்கம் வெட்டின ஆப்பிள். மறுபக்கப் பாட்டு வேகம், சந்தோசம். இதுவும் லாச்சிக்குள் கிடந்ததாக்கும்.

பெப்ரவரி 17, புதன்

பல்லைப் பிடுங்கியாச்சு. இரத்தம், பஞ்சு. நாக்கு அந்தக் குழிக்குள்ளேயே போகிறது. கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கை. இவர் இரவு வேலைக்குப் போகவில்லை. தலைமாட்டில் இருந்து பேப்பர் வாசித்துக் காட்டினார். குரல் கேட்டுக்கொண்டிருந்தது போதும், என்ன வாசித்தார் என்று தெரியாது.

பெப்ரவரி 20, சனி

போலின் புதுச் சிங்கிள் நேற்று வந்திருக்கிறது. 'அனதர் டே'. நல்ல பாட்டு. நல்ல பாட்டுத்தான், சொல்லத்தானே வேணும். கந்தோருக்குப் போய் வருகிற ஒரு தனிப் பெண்ணின் கதை. இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அதை முன் தட்டில் வைக்க எனக்கு மனம் இல்லை. ஹரிசனை எடுத்து முன்னுக்கு வைத்தேன். முதலாளி மாற்றி வைத்தார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் திரும்ப வைத்தேன்.

நற்சிந்தனையைக் குளியலறையில் பாடிப் பார்த்தேன். பல் போன இடத்தால் காற்றுப் போகிறது. பழகினால் சரிவரும். சிவராத்திரிக்குப் பாடலாம் போல இருக்கிறது. அந்தப் பிடி ஆருடையதாக இருந்தாலும் என்ன? கடவுள் கேட்கப்போகிறாரா, இது ஆரின் தைவதம் என்று?

பெப்ரவரி 21, ஞாயிறு

பாடப்போவதில்லை. கேம்பிரிட்ஜ்ப் பிள்ளைக்கு முன்னால் என்னத்தை.

பெப்ரவரி 24, புதன்

விடிந்து வந்து எழுதுகிறேன், கண் எரிகிறது.

டொக்டர் வீட்டில் நல்ல சனம். மாடத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன லிங்கம், டாபடில் பூ. வில்வத்துக்கு எங்கே போவது. நான் சுருதிப்பெட்டி. கேம்பிரிட்ஜ்ப் பிள்ளைக்கு வடிவான குரல். சுருதி மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். நான் பெட்டியை அழுத்தி அழுத்தி அவவைத் தூக்கிப் பிடித்தேன். ஒருவருக்கும் தெரியாது. அவவுக்கும் தெரியாது.

மூன்றாம் சாமம் எல்லாரும் சோர்ந்த நேரம், டொக்டர் மிஸிஸ் கேட்டா: "வேறை ஆரும் பாடுறியளே?" என்னைப் பார்த்துத்தான் கேட்டா. சத்தியமாக என்னைத்தான் பார்த்தா. கை பெட்டியை விடவில்லை. "பல் பிடுங்கினது, அன்ரி" என்றேன். பல்லைச் சாட்டிவிட்டேன். பிறகு ஒரு கிழவர் தேவாரம் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது இவர் கேட்டார்: "ஏனப்பா பாடேல்லை? குளியலறையிலை பாடினனீர்தானே." கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். சொல்லவேயில்லை இவ்வளவு நாளும்.

நேற்று ரேடியோவில், இன்னும் முதலாம் இடம்தான்.

பெப்ரவரி 25, வியாழன்

இன்று அவருக்கு 28. சனிக்கிழமைப் பெட்டை பள்ளிக்கூடம் முடிந்து ஓடிவந்து சொன்னாள். என்னைவிட மூன்று வயது கூட. இவ்வளவுதானா என்று இருந்தது. படத்தில் தாடியும் மயிரும் பார்க்க ஐம்பது.

பெப்ரவரி 26, வெள்ளி

கோர்ட்டுக்கு ஹரிசன் கொடுத்த வாக்குமூலம் பேப்பர்களில் வந்திருக்கிறதாம். பாட்டு விஷயத்தில் போல் தன்னை எப்போதும் கீழாக நடத்தினார் என்று. 1969 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் படம் எடுக்கும்போது கோபித்துக்கொண்டு எழும்பிப் போனதும் இருக்கிறதாம். முதலாளி வாசித்துவிட்டு, "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா" என்றார்.

சின்ன விஷயமா? வருசக்கணக்காக ஒருவர் உன் பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது சின்ன விஷயமா? அதற்கு அடி விழுந்தால்கூட ஆற்றலாம். கேட்டுவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டைத் தொடங்குவார்களே, அது.

என் அக்காமார் அப்படி இல்லை. அவர்கள் என்னை உயிராகப் பார்த்தவர்கள். இதையும் எழுதி வைக்கவேணும்.

ஆனாலும் தொடங்குவார்கள்.

மார்ச் 2, செவ்வாய்

இறங்கிவிட்டது. முதலாம் இடத்தில் இப்போது மங்கோ ஜெரி, 'பேபி ஜம்ப்'. சத்தம்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. என்ன விசர் எனக்கு. ஐந்து கிழமை மேலே இருந்தது, வேறு என்ன வேணும்? பாட்டு அதே பாட்டுத்தானே. போட்டால் ஓடுகிறது.

போட்டேன். சுருதி ஏறுகிற இடம் வந்தது. முன்னுக்கு அவர், பின்னுக்கும் அவர். அந்தச் சின்ன ரி வரும்போது இப்போது ஒவ்வொரு தரமும் எனக்குத் தெரிகிறது. தெரியாமல் கேட்ட நாட்கள் போய்விட்டன. தெரிந்தும் பிடிக்கிறது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 6, சனி

அமெரிக்காவில் வழக்கே போட்டிருக்கிறார்களாம், அந்தப் பழைய பாட்டின் உரிமைக்காரர். முதலாளி வியாபாரப் பத்திரிகையில் பார்த்துச் சொன்னார். தொப்பிக்காரர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

நீதவானுக்கு மோகனம் தெரியுமா? ஆராவது போய் ப க ரி பாடிக் காட்ட வேணும். ஆயிரம் பாட்டுப் பாடிக் காட்டலாம், எல்லாவற்றிலும் இருக்கிறது என்று. அந்த ரி-யைக் கேட்டால் என்ன சொல்வது? "அவர் பின்னால் இருந்தவர், ஐயா. பின்னால் இருக்கிறவர்களுக்கு எல்லாரின் பாட்டும் ஒட்டும்." இதை ஒரு கோர்ட் ஏற்குமா?

மார்ச் 8, திங்கள்

தபால்காரர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இன்று ஒன்றும் இல்லை. மலையாகக் குவிந்து கிடக்கும், நாள் எடுக்கும்.

நாலு தரம் கீழே இறங்கிப் பார்த்தேன்.

மார்ச் 11, வியாழன்

மூன்று கடிதம் ஒன்றாக. ஒன்று மாமி. ஒன்று சின்னக்கா, சீலை நிறம் கேட்டு. ஒன்று பெரியக்கா, ஜனவரி 17 என்று திகதி.

இணுவிலில் மழை. பசு கன்று போட்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால். பிறகு, இரண்டாம் பக்கத்தில்: தைப்பொங்கலுக்கு வானொலியில் பாடினோம். மோகனம் விரிவாக எடுத்தேன். நீ பின்னாலிருந்து எப்போதும் வாய்க்குள் பாடுவாயே, தைவதத்தில் நின்று சறுக்குகிற அந்தப் பிடி. அதைப் போட்டேன். வயலின்காரர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், கோபிக்காதை.

என்னுடையது.

முதலில் சந்தோசம் வரவில்லை. எரிந்தது. கேட்காமல். வானொலியில். ஊர் முழுக்கப் பெரியக்காவின் பிடி என்றுதானே நினைத்திருக்கும். அவவின் பெயரில்தானே போகும். அந்த மாக் என்பவரின் ஆட்களுக்கும் இப்படித்தான் எரிந்திருக்கும். நான் அவர்களைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தேனா? ஹரிசன் பாவம், ஹரிசன் பாவம் என்றே இருந்துவிட்டேன்.

திரும்ப வாசித்தேன். "நீ பின்னாலிருந்து எப்போதும்" என்று எழுதியிருக்கிறா. அப்படியானால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. நல்லூரில் அவ்வளவு சனத்துக்கு நடுவில், ஆலாபனைக்குள் நிற்கிற நேரத்தில், பின்னால் நான் வாய்க்குள் பாடினதைக் கேட்டிருக்கிறா.

அழுதேன். நல்லா அழுதேன். இவர் எழும்பி வந்து, ஊரில் ஆருக்கும் ஏதுமோ என்று பயந்துபோனார்.

மார்ச் 12, வெள்ளி

கோர்ட் முடிவு. பீட்டில்ஸ் கணக்குவழக்கைப் பார்க்க ரிசீவர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள். போல் பக்கம் தீர்ப்பு. ஜோனுக்கும் இன்று ஒரு புதுச் சிங்கிள். கடையில் சனம், தட்டுகளை அடுக்கவே நேரம் போதவில்லை. ஹரிசன் இன்னும் விற்கிறது, இரண்டாம் வரிசையில் இருந்து.

பெரியக்காவுக்கு எழுதினேன். கோபம்தான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அடுத்த முறை வானொலியில் பாடும்போது அது தங்கச்சியின் பிடி என்று அறிவிப்பாளரைச் சொல்லச் சொல்லவேணும், இதையும். சில்லறை விஷயம் என்று சின்னக்கா சிரிக்கட்டும். வயலின்காரர் என்ன சொன்னார் என்று விபரமாக எழுதச் சொல்லியும் கேட்டேன். வெட்டவில்லை. முத்திரை ஒட்டிப் போட்டாச்சு.

டொக்டர் வீட்டில் பங்குனி உத்திரத்துக்குத் திரும்பவும் பஜனை வைப்பார்கள். சுருதிப்பெட்டிக்கு என்னைத்தான் கேட்பார்கள். முந்திக்கொண்டு நாளைக்கே போன் எடுக்கவேணும். இவர் சில்லறை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார், போன் பெட்டிக்கு. பாட்டு ஒன்று நான் பாடுறன் அன்ரி, நற்சிந்தனை, மோகனம், என்ரை மெட்டு. சுருதிக்கு வேறை ஆளைப் பாருங்கோ.